சயாமுக்குப் போன அப்பா: போருக்குப் பின் பெற்றோரை இழந்த பிள்ளைகள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களிடம் பேச்சுக்கொடுத்தால், 'எங்க தாத்தா சயாமுக்குப் போனாரு, திரும்பி வரல' என்று யாராவது ஒருவர் சொல்லக் கேட்கலாம். அதற்கு மேல் கதை நகராது. எந்த முகாமில் இருந்தார், எந்த நோயில் போனார், எங்கே புதைத்தார்கள் என்பதெல்லாம் பேரனுக்குத் தெரியாது, மகனுக்கும் தெரிந்திருக்கவில்லை. போரில் தாயையோ தகப்பனையோ பறிகொடுத்த பிள்ளையை இழப்பு ஒரு பக்கம் வாட்டுகிறது என்றால், அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்காதது இன்னொரு பக்கம் வாட்டுகிறது. இரண்டாவதையாவது நம்மால் தடுக்க முடியும்.

பொட்டை அழிப்பதா, வைத்துக்கொள்வதா?

அவர்கள் போனது இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயில் பாதைக்கு. அந்த வேலை 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. நீளம் 415 கிலோமீட்டர். நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேரோடு, அதைப்போல் மூன்று மடங்கு ஆசியத் தொழிலாளர்களையும் ஜப்பானியர் அங்கே வேலை வாங்கினார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் 75,000 பேர் அளவில் இருப்பார்கள். பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத் தமிழர்கள். ஆசியத் தொழிலாளர்களில் ஏறக்குறைய 90,000 பேர் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். காலரா, மலேரியா, சீதபேதி, எலும்புவரை அரித்த கால்புண், எல்லாவற்றுக்கும் மேலாகப் பட்டினி. போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. நம் தொழிலாளிக்குத் தனிக் கல்லறை கிடையாது.

லயத்தில் காத்திருந்த மனைவிக்குத் தகவல் வரவில்லை, உடலும் வரவில்லை. அவள் பொட்டை அழிப்பதா, வைத்துக்கொள்வதா? கருமாதி செய்யலாமா? செய்தால் உயிரோடு இருப்பவருக்குச் செய்த பாவம் வந்து சேருமோ? கிள்ளானில் ஒரு மூதாட்டி என்னிடம் சொன்னது இது: "அம்மா தினமும் ஒரு துண்டு மரவள்ளிக்கிழங்கை எடுத்துச் சட்டியில மூடி வைப்பாங்க. யாருக்குன்னு நாங்க கேட்டதில்ல. காலையில அதை எங்களுக்கே பிச்சுக் குடுத்துடுவாங்க." ஜப்பான்காரன் காலத்தில் கிழங்குதான் சோறு. பசித்த வயிற்றோடு படுத்த பிள்ளைகள் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டே தூங்கியிருக்கிறார்கள்.

உறுதிப்படாத இத்தகைய இழப்பைத்தான் அமெரிக்க உளவியலாளர் பாலின் பாஸ் 'தெளிவற்ற இழப்பு' என்றார். ஆள் இல்லை, ஆனால் சாவும் உறுதியில்லை. துக்கம் தொடங்கவே முடியாமல் அப்படியே நிற்கும். தாய் காத்திருக்கும்போது பிள்ளையும் காத்திருக்கிறது. அழுதால் அப்பா செத்துவிட்டதாக ஒப்புக்கொண்டதாகும் என்று நினைத்து அழாமல் இருக்கிறது.

துணைக்கு ஒரு பெரியவர்

இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் குழந்தைகள் காப்பகம் நடத்திய அன்னா பிராய்டும் டோரதி பர்லிங்காமும் ஒன்றைக் கவனித்தார்கள். குண்டுச் சத்தத்தைவிடத் தாயைப் பிரிந்ததுதான் குழந்தைகளை அதிகம் குலைத்தது. போருக்குப் பின் வீடிழந்த குழந்தைகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்கு ஜான் பௌல்பி 1951-ல் எழுதிய அறிக்கையும், குழந்தையின் மனநலத்துக்குத் தாயின் அல்லது தாய்போன்ற ஒருவரின் நிலையான அன்பு இன்றியமையாதது என்றது. பின்னாளில் ஹார்வர்டில் வில்லியம் வோர்டனும் பிலிஸ் சில்வர்மனும் பெற்றோரில் ஒருவரை இழந்த பள்ளிப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, பெரும்பாலானவர்கள் தேறிவிட்டார்கள். இரண்டு ஆண்டுக்குப் பிறகும் கடுமையாகத் தடுமாறியவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். எஞ்சியிருக்கும் தாயோ தகப்பனோ எப்படி இருக்கிறார் என்பதே பிள்ளை தேறுவதைப் பெரிதும் தீர்மானித்தது.

ஆனால் போருக்குப் பிந்திய சமூகத்தில் அந்த எஞ்சியவரும் உடைந்திருப்பார். வாடகை பாக்கி, பசி, இடம்பெயர்வு, பள்ளி இல்லாமை என அன்றாட நெருக்கடிகள் சேர்ந்து வரும். போர்க் காட்சிகளோடு இந்த அன்றாடத் தொல்லைகளும் மனத்தை அரிக்கின்றன என்று உளவியலாளர்கள் சொல்கிறார்கள். அதனால், துக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு உதவ நினைப்பவர் முதலில் அதன் தாயை உட்காரவைத்து ஒரு வேளை சாப்பாடு போட்டாலும் அது சிகிச்சையில் சேரும். பிள்ளைக்கு நிலையான துணை கிடைத்ததற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1949-ல் சுவாமி சத்தியானந்தா நிறுவிய சுத்த சமாஜம் பூச்சோங் சாலையில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தியது. அதற்குத் தம் வாழ்நாளையே கொடுத்த அன்னை மங்களம் 2023-ல் மறைந்தார். இடம் மாறாத, ஆள் மாறாத அந்த அக்கறையை எந்த மருந்தாலும் ஈடுகட்ட முடியாது.

துக்கம் எப்படி வெளிப்படும்?

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சாவு நிரந்தரம் என்பது விளங்காது. 'அப்பா எப்ப வருவாரு?' என்று நூறு தடவை கேட்கும். படுக்கையை நனைக்கும், தாயின் சேலையை விடாது. ஏழெட்டு வயதில், 'நான் குறும்பு பண்ணினதால்தான் அம்மா செத்துப்போனாங்க' என்று உள்ளுக்குள் நம்பும். காலையில் தேம்பியழுது மாலையில் பந்தாடும். அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளை மறந்துவிட்டது என்று பெரியவர்கள் நிம்மதி அடைவது தவறு. குழந்தை துக்கத்தைத் தவணை தவணையாகத்தான் தாங்கும்.

பதின்ம வயதினர் அழுவதை நாம் பார்ப்பதில்லை. தலைவலி, வயிற்றுவலி, தூக்கமின்மை என்று கிளினிக் வாசலில் நிற்பார்கள். படிப்பில் சரிவார்கள், எரிந்து விழுவார்கள், மோட்டார் சைக்கிளைக் கண்மண் தெரியாமல் ஓட்டுவார்கள். 'இனி நீதான் வீட்டுக்கு ஆம்பளை' என்று பதினாலு வயதுப் பையனிடம் சொல்லிவிடுகிறோம். மூத்த பெண் சமையலையும் தம்பி தங்கையையும் எடுத்துக்கொள்கிறாள். பொறுப்பான பிள்ளைகள் என்று ஊர் மெச்சும். என் கருத்தில் இவர்கள்தான் கூடுதல் கவனத்துக்கு உரியவர்கள், ஏனென்றால் இவர்களை யாரும் விசாரிப்பதில்லை.

இன்று நம் பக்கத்து வீட்டில்

2009 மே மாதம் இலங்கையின் முள்ளிவாய்க்காலில் உள்நாட்டுப் போர் முடிந்தது. அன்று ஐந்து வயதில் தகப்பனை இழந்தவர் இன்று இருபதுகளில் இருக்கிறார். அப்படிப்பட்ட ஈழத்து இளைஞர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் அகதிகளாக வாழ்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அந்தப் போராட்டப் படங்களைக் கைப்பேசியில் பார்க்கும் பிள்ளைக்கு, சயாமுக்குப் போனவரின் மகனுக்கு நேர்ந்ததே நேர்கிறது: துக்கத்துக்குத் தேதி கிடையாது.

மலேசியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இணையவில்லை. அகதிப் பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் இடமில்லை. சட்டப்படி வேலையும் பார்க்க முடியாது. ஆலோசக ஆசிரியரின் கண்ணில் படும் வாய்ப்பே இல்லாத இந்தப் பிள்ளைகளைக் கோயில்களும் தமிழ் அமைப்புகளும்தான் கவனிக்க வேண்டும். ஐ.நா. அகதிகள் அட்டை இருந்தால் அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி தள்ளுபடி உண்டு. அது பலருக்குத் தெரியவில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

உண்மையைச் சொல்லுங்கள். 'சாமிகிட்ட போயிட்டாரு', 'வெளியூர் போயிருக்காரு' என்று மழுப்பினால் குழந்தை வாசலைப் பார்த்தபடி இருக்கும், அல்லது சாமிமேல் கோபப்படும். 'அப்பா இறந்துட்டாரு, அவர் உடம்பு இனிமே வேலை செய்யாது, அதுக்கு நீ காரணமில்ல' என்று எளிமையாகச் சொன்னால் போதும். காணாமல் போனவர் என்றால், 'எங்களுக்கும் தெரியல, தெரிஞ்சா உன்கிட்டதான் முதல்ல சொல்வோம்' என்று சொல்லலாம்.

சடங்கிலிருந்து பிள்ளையை விலக்காதீர்கள். விருப்பம் இருந்தால் கலந்துகொள்ளட்டும், கட்டாயம் வேண்டாம். உடல் கிடைக்காதவருக்கும் ஒரு நாளைக் குறித்து விளக்கேற்றலாம், படத்துக்குப் பூ வைக்கலாம், அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கலாம். பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பிள்ளை முன்னால் நீங்கள் அழுவதிலும் தப்பில்லை. சாப்பாட்டு நேரம், தூங்கும் நேரம், பள்ளி ஆகியவை மட்டும் கூடுமானவரை மாறாமல் இருக்கட்டும்.

எப்போது மருத்துவரிடம்?

ஆறு மாதம் கடந்தும் ஏக்கம் தணியாமல், படிப்பும் நட்பும் முடங்கிக் கிடந்தால் அது நீடித்த துயரக் கோளாறாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே இது இடம்பெற்றிருக்கிறது. 'அப்பாகிட்ட போகணும்' என்ற பேச்சைச் சும்மா விடாதீர்கள். சாக நினைக்கிறாயா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவை 2023-ல் நம் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டாம். அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானில் காட்டினால் மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். அவசரத்துக்குத் தாலியான் காசே 15999, சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555, பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929. இந்த மூன்று எண்களையும் இப்போதே உங்கள் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்.