சிவப்பணு வைத்திருக்கும் சாப்பாட்டுக் கணக்கு

நரிக்குடிப் பக்கம் தாளிக்கக் கடலை எண்ணெய், இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய், கை கடிக்கும்போது ரேஷன் பாமாயில். மூன்றிலுமே ஒமேகா-3 கொழுப்பு அநேகமாகக் கிடையாது. அது தாராளமாக இருப்பது மத்தி மீனில். இந்தக் கொழுப்புக்கும் மனச்சிதைவு நோய்க்கும் தொடர்பு உண்டா என்று பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தேடுகிற இடம் ரத்தத்தின் சிவப்பணு.

மூளையைக் கிள்ளிப் பார்க்க முடியாது. ஆனால் நரம்பணுவுக்கு இருப்பதுபோலவே சிவப்பணுவுக்கும் கொழுப்பாலான மேலுறை உண்டு. அணு ஏறத்தாழ 120 நாள் உயிர்வாழ்வதால், சில மாதச் சாப்பாடு அந்த உறையில் பதிந்துவிடுகிறது. சர்க்கரைக்காரர்களின் மூன்று மாதச் சோதனையும் இதே சிவப்பணுவை நம்பித்தான் நடக்கிறது.

மனச்சிதைவு உள்ளவர்கள் பலருக்கு அந்த உறையில் டிஹெச்ஏ என்ற ஒமேகா-3, அராக்கிடோனிக் அமிலம் ஆகிய கொழுப்புகள் குறைந்திருந்தன. பேச்சு சுருங்கி, எதிலும் நாட்டமற்று ஒடுங்கிப்போகும் அறிகுறிகளோடு சில ஆய்வுகள் இதை இணைத்தன. கோளாறே அணுவின் உறையில்தான் என்றார் பிரிட்டனின் டேவிட் ஹொரோபின். ஆனால் பீடிப் புகையும் இந்தக் கொழுப்பைச் சிதைக்கும். இந்த நோயாளிகளில் புகைப்பவர்கள் அதிகம், வேளைக்குச் சாப்பிடாதவர்களும் அதிகம். எது முதலில் வந்தது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

ஒமேகா-3 கொழுப்பை மருந்தாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் ஒன்று நம் நாட்டில், பரோடாவில். மீன் எண்ணெயில் உள்ள இபிஏ கொழுப்பைப் பெற்ற 14 பேரில் 8 பேருக்குத்தான் முடிவில் வழக்கமான மனநோய் மருந்து தேவைப்பட்டது. வெற்று மாத்திரை பெற்ற 12 பேருக்குமே தேவைப்பட்டது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் நிமிர்ந்து உட்கார வைத்தது.

அது வெளியான 2001-இல்தான், ஆகஸ்ட் 6 அன்று, பக்கத்து மாவட்டத்து ஏர்வாடியில் சங்கிலியில் கிடந்த மனநோயாளிகள் தீயில் சிக்கினார்கள். 28 பேர் இறந்தார்கள். ஆய்வுக்கூடம் ஒரு பக்கம், சங்கிலி ஒரு பக்கம்.

2010-இல் வியன்னாவில் நோயின் விளிம்பில் இருந்த 81 இளைஞர்களிடம் நடந்த சோதனை நம்பிக்கையைக் கூட்டியது: ஓராண்டில் மீன் எண்ணெய் எடுத்த 41 பேரில் 2 பேருக்கே நோய் முற்றியது, எடுக்காத 40 பேரில் 11 பேருக்கு. பல நாடுகளில் 304 பேரை வைத்து அதையே திரும்பச் செய்தபோது, 2017-இல் வந்த முடிவில் வித்தியாசமே இல்லை.

ஆக, கொழுப்பை அளந்து நோயைச் சொல்லும் பரிசோதனை இன்றைக்கு இல்லை. மீன் எண்ணெய் மாத்திரை மருத்துவர் தந்த மாத்திரைக்கு மாற்றும் அல்ல. மத்திக் குழம்பு தாராளமாக வைக்கலாம். வீட்டில் ஒருவர் தனியே பேசுகிறார், தூங்காமல் சந்தேகத்திலேயே உழல்கிறார் என்றால் 14416-ஐ அழைக்கலாம். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள்.