பழைய தொட்டியில் புதிய கடல்

மும்பை மாநகரின் விக்ரோலி ரயில் நிலையத்திலிருந்து கிழக்கே சென்று, விரைவு நெடுஞ்சாலையைக் கடந்தால், தாணே கழிமுகத்தின் கரையில் அடர்ந்து வளர்ந்த அலையாத்திக் காடு தென்படும். ஓதநீர் அங்கு நாள்தோறும் இருமுறை ஏறி இறங்குகிறது. கடல் இத்துணை அருகில் இருக்க, அதன் நீரை முகந்து வந்து வீட்டிலுள்ள கண்ணாடித் தொட்டியில் ஊற்றி, வண்ண மீன்களை வளர்ப்பது எளிதன்றோ என்று எவருக்கும் தோன்றக்கூடும். ஆனால் அக்கழிமுக நீரில் சேறும் மாநகரின் கழிவுகளும் கலந்துள்ளன. மழைக்காலத்திலோ நன்னீர் பெருகுவதால் அதன் உப்பளவு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அலையாத்தி வேர்களிடையே வாழும் உயிர்கள் இம்மாறுதல்களுக்குப் பழகியவை. பவளத்திட்டுகளில் வாழும் மீன்களோ ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே தன்மையுள்ள தெளிந்த நீரில் வாழ்பவை. ஆகவே விக்ரோலியில் கடல் நீர்த் தொட்டி அமைக்க விரும்புபவர் கடலைத் தம் வீட்டிலேயே தயாரித்துக்கொள்ள வேண்டும்.

இதற்குப் பெரும்பொருள் செலவாகும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. புதிய சாதனங்களை வாங்கினால் அது உண்மையே. எனினும் வீடு மாறுபவர்களும் ஆர்வம் குறைந்தவர்களும் தம் தொட்டி, பம்பு, விளக்கு முதலியவற்றைக் குறைந்த விலைக்கு விற்பதுண்டு. இத்தகைய பழைய தொட்டியைக் கொண்டு மிதமான செலவில் காரியத்தைத் தொடங்கலாம். ஆனால் தொட்டி நீரின் பக்குவத்தை எவரும் விலைக்கு வாங்க முடியாது; அது காலத்தால் மட்டுமே அமைவது. மற்றும் ஒரு பொருள், எவ்வளவு மலிவாகக் கிடைப்பினும், வாங்கவே கூடாதது. அது யாதெனப் பின்னர் காண்போம்.

முன்னோடிகள்

கடலுயிர்களைக் கண்ணாடிக்குள் வாழவைக்கும் கலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையில் உருவாயிற்று. 1853-ஆம் ஆண்டில் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான முதல் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்குத் துணை நின்ற பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கை ஆய்வாளர், கடலிலிருந்து தொலைவில் வாழ்பவரும் உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல் நீர் தயாரிக்கும் முறையை அடுத்த ஆண்டில் வெளியிட்டார். நம் நாட்டில் சென்னைக் கடற்கரையில் 1909-இல் மீன் காட்சியகம் ஒன்று ஏற்பட்டது. மும்பையில் மெரீன் டிரைவ் கடற்கரைச் சாலையில் தாராபோர்வாலா மீன் காட்சியகம் 1951-இல் திறக்கப்பட்டது.

குறைந்த செலவில் தொட்டி அமைக்க விரும்புவோர் நினைவிற்கொள்ள வேண்டிய மற்றொருவர் இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங். விலையுயர்ந்த வடிகட்டிகள் எவையுமின்றி, கடலிலிருந்து எடுத்த பாறைகளையும் காற்றுக் குமிழிகளையும் மட்டும் கொண்டு கடலுயிர்களை வாழவைத்த தம் முறையை அவர் 1961-இல் எழுதி வெளியிட்டார். பாறையின் நுண்துளைகளில் வாழும் கண்ணுக்குப் புலப்படாத உயிர்களே நீரைத் தூய்மை செய்கின்றன என்பதே அம்முறையின் உட்பொருள். இன்றைய தொட்டிகள் அனைத்திற்கும் அதுவே அடிப்படை. பாறையை மட்டும் இன்று நாம் வேறு வழியில் தேட வேண்டும்.

தொட்டியைச் சோதித்தல்

90 சென்டிமீட்டர் நீளமும், 45 சென்டிமீட்டர் அகலமும், அதே உயரமும் கொண்ட தொட்டி தொடக்கக்காரருக்கு ஏற்றது. இதன் கொள்ளளவு ஏறத்தாழ 180 லிட்டர். மணலும் பாறையும் இட்ட பின் சுமார் 150 லிட்டர் நீர் நிற்கும். மிகச் சிறிய தொட்டி மலிவானதாயினும், அதில் வெப்பமும் உப்பளவும் விரைந்து மாறுவதால் அது உண்மையில் சிக்கனமாகாது.

நீர், கண்ணாடி, பாறை யாவும் சேர்ந்து இத்தொட்டியின் எடை 240 கிலோகிராம் அளவுக்கு வரும். இவ்வளவும் அரைச் சதுர மீட்டருக்கும் குறைந்த இடத்தில் தங்குகிறது. குடியிருப்புக் கட்டடங்களின் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோகிராம் சுமையைக் கணக்கிட்டு அமைக்கப்படுவது. ஆகவே மாடி வீடுகளில் தொட்டியை அறையின் நடுவில் வையாது, உத்தரம் தாங்கும் சுவரை ஒட்டி வைக்க வேண்டும். பழைய கட்டடமாயின் பொறியாளரின் கருத்தைக் கேட்பது நலம்.

வாங்கிய தொட்டியின் அடியில் செய்தித்தாளை விரித்து, நீர் நிரப்பி, மூன்று நாட்கள் வைத்துப் பார்க்க வேண்டும். கசிவிருப்பின் தாள் காட்டிக்கொடுக்கும். பழைய சிலிக்கோன் பசையின்மீது புதிய பசை சரிவர ஒட்டாது. எனவே கசியும் மூட்டின் பசையைச் சுரண்டி அகற்றிவிட்டு, பூஞ்சைக்கொல்லி கலவாத சிலிக்கோனை இடுதல் வேண்டும். கண்ணாடியில் படிந்த சுண்ணாம்புப் படலம் வினிகரால் கரையும். சோப்பைப் பயன்படுத்தலாகாது.

விற்பவரிடம் தவறாது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: மீன்களின் நோய்க்குத் தாமிர உப்புகள் கலந்த மருந்து எப்போதேனும் இத்தொட்டியில் இடப்பட்டதா? மீன்கள் தாங்கும் அளவுள்ள தாமிரமே இறால், நத்தை முதலியவற்றைக் கொன்றுவிடும். பாறையும் மணலும் அதனை ஈர்த்து வைத்திருந்து சிறிது சிறிதாக வெளிவிடும். பழைய மணலில் அழுகிய கழிவும் தேங்கியிருக்கும். ஆகையால் கண்ணாடியையும் பம்பையும் ஏற்கலாம்; மணலை ஏற்காதிருப்பதே மேல்.

நீரும் உப்பும்

ஒரு கிலோகிராம் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் உள்ளன. இவற்றில் பெரும்பகுதி சமையல் உப்பின் கூறுகளான சோடியமும் குளோரைடுமே. எனினும் 1.3 கிராம் அளவில் மக்னீசியமும், 0.4 கிராம் அளவில் கால்சியமும், அதே அளவில் பொட்டாசியமும், இவற்றோடு சல்பேட், பைகார்பனேட் ஆகியவையும் இருந்தால்தான் அது கடல் நீராகும். கடையில் வாங்கும் சமையல் உப்பைக் கரைத்தால் கிடைப்பது உப்பு நீரேயன்றிக் கடல் நீரன்று. எனவே இதற்கெனத் தயாரிக்கப்படும் கடல் உப்புக் கலவையையே பயன்படுத்த வேண்டும். 150 லிட்டருக்கு ஐந்தரைக் கிலோகிராம் அளவில் தேவைப்படும்.

மாநகராட்சிக் குழாய் நீரில் கிருமிகளை ஒழிக்கக் குளோரின் சேர்க்கப்படுகிறது. இது தொட்டியின் நுண்ணுயிர்களையும் ஒழிக்கும். வீட்டிலுள்ள ஆர்.ஓ. சுத்திகரிப்புக் கருவியின் நீர் இதற்குப் பெரிதும் ஏற்றது. கலவையைக் கரைத்து, ஒரு நாள் முழுதும் கலங்கவிட்டு, அதன் பின்னர் ஒப்படர்த்தியை அளக்க வேண்டும். 25 டிகிரி வெப்பத்தில் அது 1.025 அளவில் இருத்தல் நன்று.

தொட்டி நீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கிவிடுகிறது. நாளொன்றுக்கு ஒரு லிட்டர் ஆவியாயின், பத்து நாட்களில் 150 லிட்டர் 140 ஆகி, உப்பளவு 35-இலிருந்து 37.5 ஆக உயர்ந்துவிடும். ஆகவே ஆவியான அளவை உப்பற்ற நன்னீரால் மட்டுமே ஈடுசெய்ய வேண்டும். உப்பு நீரால் ஈடுசெய்வது தொடக்கக்காரர் பலர் செய்யும் பிழை.

புலப்படாத தொழிலாளர்

மீன்களின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா தோன்றுகிறது. இதில் நஞ்சாக விளங்கும் பகுதி நீரின் காரத்தன்மையைப் பொறுத்தது. நடுநிலை நீரில் அது நூற்றில் அரைப் பங்களவே, பி.எச். 8.2 உள்ள கடல் நீரிலோ ஏறத்தாழ எட்டுப் பங்கு. நன்னீர்த் தொட்டியில் பொறுக்கத்தக்க கவனக்குறைவு கடல் நீர்த் தொட்டியில் உயிரிழப்பாக முடிவதற்கு இது ஒரு காரணம்.

இந்நஞ்சை ஒருவகை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும், வேறுவகையின நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் ஓரளவு தீங்கற்றது. இவ்வுயிர்கள் மெதுவாகவே பெருகும். தொட்டியில் நீர், பாறை, மணல் ஆகியவற்றை அமைத்து, பம்பை இயக்கி, சிறிதளவு மீன் உணவை இட்டு, மீனின்றியே நான்கு முதல் ஆறு வாரங்கள் காத்திருக்க வேண்டும். அம்மோனியா முதலில் ஏறி இறங்கும். பின்னர் நைட்ரைட் ஏறி இறங்கும். சோதனையில் இரண்டும் காணப்படாத நாளே முதல் மீனை விடத்தக்க நாள். அதன்பின் வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றிவந்தால் நைட்ரேட் மிகாது. இதற்கு ஆகும் உப்பு அரைக் கிலோகிராமுக்குச் சற்று மேல். பல சமயங்களில் ஒரு விலையுயர்ந்த வடிகட்டியின் வேலையை இது செய்துவிடும்.

வெப்பம்

தொட்டி நீர் 25 முதல் 28 டிகிரி சென்டிகிரேட் வரை இருத்தல் நலம். மும்பையின் மே மாதத்திலும் அக்டோபரிலும் இதனைக் காப்பது கடினம். குளிர்விக்கும் இயந்திரம் விலை மிகுந்தது. நீரின் மேற்பரப்பில் சிறு மின்விசிறியால் காற்றைச் செலுத்தினால் இரண்டு, மூன்று டிகிரி குறையும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகுங்கால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை உடன் கொண்டு செல்வதே இதன் காரணம். மழைக்காலத்தில் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் இவ்வுபாயம் நன்கு பயன்படாது. அப்போது விளக்கெரியும் நேரத்தைக் குறைக்க வேண்டும். மின்தடைக் காலத்திற்கென மின்கலத்தால் இயங்கும் சிறு காற்றுப் பம்பு ஒன்றை வைத்திருப்பது பல உயிர்களைக் காக்கும்.

வாங்கக் கூடாத பொருள்

பழைய தொட்டியுடன் பவளத்துண்டுகளையும் பவளப்பாறைகளையும் சிலர் சேர்த்தே விற்க முன்வரலாம். இவற்றை ஏற்கலாகாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கற்பவளங்கள், கருப்புப் பவளங்கள், கடல் விசிறிகள், கடற்குதிரைகள் ஆகியன 2001-இல் சேர்க்கப்பட்டன. புலிக்குரிய பாதுகாப்பு இவற்றிற்கும் உண்டு. உயிரற்ற பவள ஓடும் இச்சட்டத்திற்கு உட்பட்டதே.

இக்கட்டுப்பாட்டின் காரணத்தை மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்கள், சிறப்பாகத் தூத்துக்குடி, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து வந்தோர், நன்கு உணர்வர். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்பிற்கும் கட்டடங்களுக்கும் பவளப்பாறைகள் நெடுங்காலம் வெட்டியெடுக்கப்பட்டன. அலையைத் தடுத்து நின்ற அரண் தேய்ந்தது. அங்கிருந்த 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டும் நீரில் மூழ்கின. எஞ்சிய பவளங்களைக் கடல் வெப்ப உயர்வு 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் வெளுக்கச் செய்தது. மும்பையிலேயே 2020-இல் கடற்கரைச் சாலைப் பணிக்காக ஹாஜி அலி, வொர்லிக் கரைகளிலிருந்த 18 பவளத் தொகுதிகளை, வனத்துறையின் அனுமதி பெற்று, தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் அறிஞர்கள் வேறிடத்திற்கு மாற்றி நட்டனர். அரசுப் பணிக்கே இவ்வளவு முறைகள் உளவெனில், வீட்டு அலங்காரத்திற்காகப் பவளத்தைப் பெயர்ப்பது எங்ஙனம் தகும்?

பவளம் இன்றியும் தொட்டி எழிலுறும். நிலத்திலிருந்து கிடைக்கும் சுண்ணாம்புக் கற்களையும், இதற்கெனச் செய்யப்படும் துளைமிகு பீங்கான் கற்களையும் அடுக்கினால், சில திங்களில் அவற்றில் பாசி படர்ந்து கடற்பாறையின் தோற்றம் வந்துவிடும். கோழித் தீவனத்திற்கென விற்கப்படும் சிப்பி ஓட்டுத் துகளை நன்கு கழுவி அடியில் பரப்பலாம். மீன்களில், பண்ணையில் பொரித்த கோமாளி மீன்கள் சாலச் சிறந்தவை. மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இவற்றைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்வதில் வெற்றி கண்டுள்ளது. இவை கடலிலிருந்து பிடிக்கப்படாதவை. தொட்டி வாழ்விற்குப் பிறப்பிலிருந்தே பழகியவை. கடற்சாமந்தி இன்றியும் வாழ்பவை. 150 லிட்டர் நீருக்கு முதலாண்டில் ஓர் இணை போதும்.

வளர்க்க இயலாது போயின் மீன்களையோ பாசிகளையோ கழிமுகத்தில் விட்டுவிடக்கூடாது. அயல் உயிர்களும் நோய்களும் அங்கு பரவக்கூடும். தாணே கழிமுகம் 2022-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. வளர்க்கும் மற்றொருவரிடம் ஒப்படைப்பதே முறை.

விக்ரோலியின் அலையாத்திக் காட்டில் சேற்றிலும் வேரிலும் வாழும் பாக்டீரியாக்கள் மாநகரின் கழிவில் ஒரு பகுதியை இடையறாது மாற்றி வருகின்றன. வீட்டுத் தொட்டியில் நிகழ்வதும் அதே செயலின் சிறிய வடிவமே. வெறும் நீர் நிறைந்த தொட்டியின்முன் ஆறு வாரம் பொறுத்திருந்து, நாள்தோறும் அளந்து குறித்துவரும் மாணவன், அக்காட்டின் பணி எத்தகையதென்பதை நூலின் துணையின்றியே அறிந்துகொள்வான்.