ஆயிரம் சிப்பிக்கு எத்தனை முத்து?

தூத்துக்குடி பக்கம் போயிருக்கீங்களா பாஸ்? வ.உ.சி. துறைமுகத்துல நிலக்கரிக் கப்பல், கண்ணுக்கெட்டின தூரம் உப்பளம், கையில ஒரு பொட்டலம் மக்ரூன்... அது ஒரு தனி சுகம். இன்னிக்கு கன்டெய்னர் ஏத்தி இறக்குற இந்த ஊர், ஒரு காலத்துல முத்துக்குளிக்குப் பேர் போனது. கடைசியா இங்கே முத்துச் சலாபம் நடந்தது 1961-ல.

அந்தச் சலாபத்துல ஒரு சூட்சுமம் உண்டு. நினைச்சவுடனே ஆளுங்களைக் கடல்ல இறக்கிட மாட்டாங்க. முதல்ல அதிகாரிங்க போய், கடலடியில சிப்பி மண்டிக்கிடக்கிற 'பார்'கள்ல இருந்து சாம்பிளுக்குச் சிப்பி எடுப்பாங்க. அதை அழுகவிட்டு, கழுவி, கிடைச்ச முத்துக்கு விலை போட்டு, 'ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய்'னு கணக்குச் சொல்வாங்க. தேறினாத்தான் சலாபம். சோம்பேறித்தனமா ஒரே ஒரு பார்ல எடுத்து ஒப்பேத்தினா கணக்கு கவுந்துடும். ஒரு பார்ல விளைஞ்ச சிப்பி இருக்கும், அடுத்த பார்ல எல்லாம் பொடிசு.

இப்ப சிப்பி இருந்த இடத்துல சளி டப்பாவை வெச்சுக்கோங்க. ப்ளீஸ், முகம் சுளிக்காதீங்க. மருந்துக்கு அடங்காத டி.பி. நம்ம நாட்டுல எவ்வளவு பரவியிருக்குனு கண்டுபிடிக்கிறதும் கிட்டத்தட்ட இதே டெக்னிக்தான்.

சாதாரண டி.பி.க்கு ஆறு மாசம் மாத்திரை. ரெண்டு மாசத்துலயே இருமல் நின்னு, வெயிட் ஏறி, ஆள் தெளிஞ்சுடுவார். 'அதான் சரியாயிடுச்சே'னு மாத்திரையை நிறுத்துவார். உள்ளே மிச்சமிருக்கிற கிருமிகள்ல, மருந்தைத் தாக்குப்பிடிக்கிறது மட்டும் குட்டி போட்டுப் பெருகும். பழியை நோயாளி தலையிலயே கட்டவும் முடியாது. அரைகுறையா எழுதிக் கொடுக்கிற டாக்டரும், மருந்து ஸ்டாக் இல்லாத நாட்களும் இதுல கூட்டாளிங்கதான். டி.பி. சிகிச்சையோட ரெண்டு தளபதிகள் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின். இந்த ரெண்டுக்குமே அடங்காததுதான் எம்.டி.ஆர். டி.பி.

அது வந்துட்டா முன்னெல்லாம் ஒன்றரை, ரெண்டு வருஷம் மருந்து, மாசக்கணக்கில ஊசி. அந்த ஊசியால காது கேட்காம போனவங்களும் உண்டு. 2024-ல இந்திய அரசு அனுமதிச்ச புது மருந்துக் கூட்டணியில ஊசியே கிடையாது. ஆறே மாசம்தான். ஆனா எந்த ஊருக்கு எவ்வளவு வாங்கி வைக்கணும்? அதுக்குத்தான் கணக்கு.

பெரிய ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு எண்ணிட்டா போச்சுனு தோணும். அங்கே வர்றவங்கள்ல பலர், ஏற்கெனவே நாலு இடத்துல மருந்து சாப்பிட்டு கேட்காம அலைஞ்சு வந்தவங்க. நம்ம காலேஜ்ல எத்தனை பேருக்கு அரியர்னு அரியர் எக்ஸாம் ஹால்ல போய் எண்ணினா, நூத்துக்கு நூறுதானே வரும்! அந்த மாதிரிதான் இதுவும்.

1994-ல உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச காசநோய் சங்கமும் சேர்ந்து, மருந்து எதிர்ப்பை எல்லா நாட்டுலயும் ஒரே முறையில அளக்கிற வேலையை ஆரம்பிச்சாங்க. நம்ம தமிழ்நாடு சீக்கிரமே ஆஜர். காரணம், சென்னை சேத்துப்பட்டுல 1956-ல இருந்தே டி.பி.க்குனு ஓர் ஆராய்ச்சி மையம் இருக்கு (2011-ல இருந்து அதுக்கு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்னு பேர்). சானடோரியத்துல படுக்க வேண்டாம், வீட்டுல இருந்தே மருந்து சாப்பிட்டு குணமாகலாம்னு உலகத்துக்கு நிரூபிச்சுக் காட்டினவங்க அவங்க.

அந்த மையம் 1997-ல மாநிலம் தழுவி ஒரு சர்வே நடத்துச்சு. டி.பி. கிருமி படு சோம்பேறி. ஒண்ணு ரெண்டாகவே ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கும். முட்டை கலந்த பச்சை நிற மீடியத்துல அதை வாரக்கணக்கா வளர்த்து, ஒவ்வொரு மருந்தா காட்டி 'சாகுறியா, மாட்டியா'னு பார்க்கணும். பொறுமைசாலிகளுக்கான வேலை. அதுக்கு முன்னாடி டி.பி. மருந்தே சாப்பிடாத 384 பேரோட ரிசல்ட் வந்துச்சு. எம்.டி.ஆர். 3.4 சதவிகிதம். தலைக்கணக்குல 13 பேர்!

13 பேரை வெச்சு ஒரு மாநிலத்துக்கே நம்பரானு சிரிக்கலாம். ஆனா ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர்ல தூங்காதவங்களுக்குத் தெரியும், சாம்பிளை ஒழுங்கா எடுத்திருந்தா 13-ம் பேசும். கொஞ்சம் திக்கித் திக்கிப் பேசும், அவ்வளவுதான். உண்மையான ரேட் சுமார் 2-ல இருந்து 5-க்கு மேல வரைக்கும் எங்கே வேணா இருக்கலாம்.

திக்காம பேசணும்னா சாம்பிள் பெருசாகணும். 2014-16-ல நடந்தது முதல் தேசிய மருந்து எதிர்ப்பு சர்வே. நாடு முழுக்க 120 காசநோய் யூனிட்டுகள், யூனிட்டுக்கு 44 பேர், மொத்தம் 5,280 நோயாளிகள், 13 மருந்துகள். எந்த ஒரு நாடும் அதுவரை இவ்வளவு பெரிசா செஞ்சதில்லை. 4,958 பேரோட ரிசல்ட் கணக்குல சேர்ந்துச்சு. புதுசா நோய் வந்தவங்கள்ல எம்.டி.ஆர். 2.84 சதவிகிதம். ஏற்கெனவே சிகிச்சை எடுத்தவங்கள்ல 11.60. மொத்தமா 6.19.

இங்கேதான் கொஞ்சம் உஷாரா இருக்கணும். 6.19-ஐ மட்டும் பிடிச்சுக்கிட்டு 'இந்தியாவுல நூத்துக்கு ஆறு பேர்'னு மேடையில முழங்கிடாதீங்க. பழைய நோயாளிகளோட ரேட்டும் துல்லியமா கிடைக்கணும்னு, சர்வேயில வேணும்னே அவங்களை நிறையச் சேர்த்திருந்தாங்க. 4,958-ல 1,893 பேர், அதாவது 38 சதவிகிதம். கலவை மாறினா அந்த மொத்த நம்பரும் மாறிடும்.

நீங்களே போட்டுப் பாருங்க. ஓர் ஊர்ல 1,000 டி.பி. நோயாளிகள். 800 பேர் புதுசு, 200 பேர் பழசுனு வெச்சுக்குவோம். 800-ல 2.84 சதவிகிதம் 23 பேர். 200-ல 11.60 சதவிகிதமும் 23 பேர். மொத்தம் 46, நூத்துக்கு 4.6. ஆனா எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அது இல்லை. அந்த 46-ல பாதிப் பேர் இதுக்கு முன்னாடி டி.பி. மாத்திரையை ஒரு மாசம்கூட முழுங்காதவங்க! மாத்திரையைப் பாதியில நிறுத்தினதால வந்த வினைனு அவங்களைச் சொல்லிட முடியாது. மருந்துக்கு அடங்காத கிருமியே யாரோ இருமின காத்துல நேரா வந்து உள்ளே உட்கார்ந்திருக்கு. ஹாஸ்டல் ரூம், டவுன் பஸ், ஏ.சி. தியேட்டர்... எங்கே வேணா. 'நான்தான் ஒழுங்கான பையனாச்சே'ங்கிற சால்ஜாப்பு இந்தக் கிருமிகிட்ட எடுபடாது.

இந்த சர்வேக்கும் எல்லை உண்டு. அரசு மையத்துக்கு வந்து, சளியில கிருமி தெரிஞ்சவங்களைத்தான் எண்ணினாங்க. பிரைவேட் கிளினிக்ல மருந்து வாங்கினவங்க எண்ணிக்கையில வரலை. எடுக்காத பார்ல என்ன முத்து இருந்துச்சுனு யார் சொல்றது?

இப்ப நிலைமை கொஞ்சம் தேவலை. ரெண்டே மணி நேரத்துல கிருமியையும், ரிஃபாம்பிசினுக்கு அது அடங்குமாங்கிறதையும் சொல்ற மெஷின் மாவட்டங்களுக்கே வந்தாச்சு. அரசு ஆஸ்பத்திரியில டெஸ்ட்டும் ஃப்ரீ, மருந்தும் ஃப்ரீ. சாம்பிளுக்கு நாம மனசு வைக்கணும், அவ்வளவுதான்.

உங்க ரூம்மேட் ரெண்டு வாரமா இருமிக்கிட்டே இருக்கார்னு வெச்சுக்கோங்க. கிண்டலடிக்காம கையைப் பிடிச்சு கூட்டிட்டுப் போங்க. எச்சில் துப்பினா ஆகாது, நெஞ்சுல இருந்து வர்ற சளி வேணும். டப்பாவை வாங்கிட்டு ஒரு கேள்வி கேட்பாங்க: 'இதுக்கு முன்னாடி டி.பி. மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா?' ஒரு மாசமோ அதுக்கு மேலயோ சாப்பிட்டிருந்தா அவர் 'பழைய' கணக்கு, இல்லைனா 'புது' கணக்கு. வெட்கத்துல நிறைய பேர் 'இல்லை'னு சொல்லிடறாங்க. அந்த ஒரு பொய்யில 2.84-ம் ஆடும், 11.60-ம் ஆடும்.

அதனால, நீங்க பக்கத்துல நிக்கிறது அவருக்குச் சங்கடமா இருந்தா, கொஞ்சம் தள்ளிப் போய் டீ குடிங்க. அவர் உண்மையைச் சொல்லட்டும்.