உங்களுக்குத் தெரியுமா? பூஜை அறை ஓவியர் ஊர் கோவில்பட்டி

தென்னாட்டு வீடுகளில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்து அருள்பாலிக்கும் முருகன், லட்சுமி, மீனாட்சி படங்கள் பலவும் எட்டயபுரத்துக்குப் பக்கத்துக் கோவில்பட்டியில் வரையப்பட்டவை!

• வரைந்தவர் சி. கொண்டைய ராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். ரமணர் ஆசிரமத்தில் சிலகாலம் துறவியாக வாழ்ந்தார். பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதினார். அந்த வழியில்தான் 1940களில் கரிசல் மண்ணுக்கு வந்து நிலைத்தார்.

• அசல் ஒன்றுதான். சிவகாசி அச்சகங்கள் அதைக் காலண்டராக்கி ஊர் ஊராக அனுப்பின. டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் உள்ளிட்ட சீடர்களும் காலண்டர் ஓவியத்தில் பேர் பெற்றார்கள்.

• நகலாக வீடு புகுந்த ஓவியம் நைஜீரியாவிலும் உண்டு. பென் என்வோன்வு வரைந்த இளவரசி 'டுட்டு'வின் அச்சுப்படம் அங்கே எத்தனையோ சுவர்களில் தொங்குகிறது. காணாமல்போயிருந்த 1974ஆம் ஆண்டு அசல், லண்டனில் ஒரு அடுக்குமாடி வீட்டில் கிடைத்தது. 2018 பிப்ரவரியில் பான்ஹாம்ஸ் ஏலத்துக்கு வந்தது. எதிர்பார்த்த விலை 2 முதல் 3 லட்சம் பவுண்டு. போன விலை 12 லட்சத்து 5 ஆயிரம்! ஏலம் லாகோஸ் நகரிலும் நேரலையாகக் காட்டப்பட்டது.

• கொண்டைய ராஜுவின் படங்களைக் காலண்டர் ஓவியம்தானே என்று நம் ஆட்கள் ஒதுக்கியது பெரிய அநியாயம். கனடா நாட்டு அருங்காட்சியக ஆய்வாளர் ஸ்டீபன் இங்கிலிஸ் கோவில்பட்டி வரை தேடி வந்து இந்தப் படங்களை ஆராய்ந்தார்.

• வீட்டுப் பரணில் பழைய சாமி படம் கிடக்கிறதா? பழைய பேப்பர்காரரிடம் போடுமுன் கீழ் ஓரத்தில் கொண்டைய ராஜுவின் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.