நள்ளிரவு 1.30-க்கு ரேஸ்... காலையில் ஷிஃப்ட் பஸ்! - ஒரகடம் எஃப்1 ரசிகர்களின் தூக்கம் தொலைத்த சீஸன்

காலை நேரத்தில் ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலையில் போனால், வரிசையாகக் கம்பெனி பஸ்கள். ஜன்னலோரம் தலை சாய்த்துத் தூங்கும் முகங்கள். திங்கட்கிழமை என்றால் சில கண்கள் கூடுதலாகச் சிவந்திருக்கும். ஞாயிறு இரவு அடித்த கூத்து என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவிலோ மெக்ஸிகோவிலோ அன்று ஃபார்முலா ஒன் ரேஸ் இருந்திருக்கும்!

இந்தியாவில் எஃப்1 ரசிகராக இருப்பதில் முதல் எதிரி கடிகாரம்தான். ஐரோப்பிய ரேஸ்கள் பெரும்பாலும் மாலை 6.30 மணிக்கு வரும். சீரியல் பார்க்கும் அம்மாவிடமிருந்து ரிமோட்டைப் பிடுங்க வேண்டியதுதான் சிக்கல். கனடா என்றால் இரவு 11.30. டெக்சாஸின் ஆஸ்டின் என்றால் 12.30. மியாமி, மெக்ஸிகோ இரண்டும் நள்ளிரவு 1.30. ரேஸ் முடியும்போது மூன்று மணி தாண்டிவிடும். முதல் ஷிஃப்ட்டுக்குப் போகிறவருக்கு அதற்கு மேல் படுப்பதும் ஒன்று, படுக்காமல் இருப்பதும் ஒன்று. நைட் ஷிஃப்ட்காரர் பாடு இன்னும் மோசம். லைனில் நிற்கும்போது மொபைலைத் தொட முடியாது. மறுநாள் வாட்ஸ்அப் குரூப்பைத் திறக்காமலே ஹைலைட்ஸ் வரை தாக்குப்பிடிக்க வேண்டும். யாராவது ஒருத்தர் ஸ்டேட்டஸ் போட்டுக் காரியத்தைக் கெடுத்துவிடுவார்.

"பகலெல்லாம் காரோடதான் மாரடிக்கிறீங்க, ராத்திரியும் காரா?" என்பது இப்பகுதி ரசிகர்களின் வீடுகளில் சகஜமாக விழும் கேள்வி. நியாயமான கேள்விதான். பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். ஒரகடத்தில் ரெனால்ட் - நிஸான், பாரத்பென்ஸ் லாரிகள், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ். இவற்றைச் சுற்றி சீட், கண்ணாடி, பிரேக், ஒயரிங் என உதிரிபாகம் செய்யும் கம்பெனிகள். இங்கே வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது கைக்குத் தெரியும். ஒரு நொடி தாமதமானால் லைன் என்ன ஆகும் என்பதும் தெரியும். எஃப்1 பிட் ஸ்டாப்பில் சுமார் இருபது பேர் சேர்ந்து நான்கு டயர்களையும் இரண்டு நொடிகளில் மாற்றுவதைப் பார்த்து மற்றவர்கள் வாயைப் பிளப்பார்கள். இவர்கள் வீல் கன் பிடித்திருப்பவரின் மணிக்கட்டைப் பார்ப்பார்கள். 2023 கத்தார் ரேஸில் மெக்லாரன் அணி 1.80 நொடியில் டயர் மாற்றியது உலக சாதனை. அதே மெக்லாரன், 2025 செப்டம்பரில் இத்தாலியின் மான்ஸாவில் லாண்டோ நாரிஸின் முன் சக்கரம் ஒன்றில் சொதப்பி 5.9 நொடி எடுத்துக்கொண்டது. அதனால் முன்னே போய்விட்ட சக வீரர் ஆஸ்கர் பியாஸ்ட்ரியை, 'இடத்தைத் திருப்பிக் கொடு' என்று ரேடியோவில் கேட்டது அணி. அவரும் கொடுத்தார். செய்தது சரியா, தப்பா? கேன்டீன் மேஜைகளில் ஒரு வாரம் ஓடுவதற்கு இது போதும்.

இனி 2025 சீஸன். எஃப்1 பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம்: 10 அணிகள், 20 டிரைவர்கள், 24 ரேஸ்கள். ஒரு ரேஸில் ஜெயித்தால் 25 புள்ளிகள், இரண்டாம் இடத்துக்கு 18, மூன்றாம் இடத்துக்கு 15 என்று இறங்கி, பத்தாவதுக்கு 1. இடையில் சில சனிக்கிழமைகளில் ஸ்பிரின்ட் என்ற குட்டி ரேஸ்களும் உண்டு. வருடக் கடைசியில் அதிகப் புள்ளி யாருக்கோ அவரே சாம்பியன்.

ஆகஸ்ட் 31-ம் தேதி நெதர்லாந்தில் நாரிஸின் கார் புகை விட்டு நின்றபோது, பியாஸ்ட்ரி அவரைவிட 34 புள்ளிகள் முன்னே. நான்கு முறை சாம்பியன் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனோ 104 புள்ளிகள் பின்னே. வெர்ஸ்டாப்பன் ரசிகர்களே கணக்குப் போடுவதை நிறுத்திய நேரம் அது. அதன் பிறகு நடந்ததுதான் கதை. வெர்ஸ்டாப்பன் வரிசையாக ஜெயிக்க ஆரம்பித்தார். பியாஸ்ட்ரி தடுமாறினார். மெக்ஸிகோவில் நாரிஸ் ஜெயித்து, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பியாஸ்ட்ரியிடமிருந்து முதலிடத்தைப் பிடித்தார். நமக்கு அது திங்கட்கிழமை அதிகாலை. சாம்பியன்ஷிப் கைமாறியதை நேரலையில் பார்த்தவர்கள், அன்று டீ பிரேக் எப்போது வரும் என்று காத்துக் கிடந்திருப்பார்கள்.

ஆனால், இந்த ஊர்க்காரர்களுக்கென்றே எழுதியதுபோல ஒரு அத்தியாயம் நவம்பரில் வந்தது. லாஸ் வேகாஸ் ரேஸ். அங்கே சனி இரவு, நமக்கு ஞாயிறு காலை 9.30. வெர்ஸ்டாப்பன் முதலிடம், நாரிஸ் இரண்டாமிடம், பியாஸ்ட்ரி நான்காமிடம். சரி, முடிந்தது என்று டிபன் சாப்பிட்டுவிட்டுக் கறி வாங்கக் கிளம்பினார்கள். சில மணி நேரத்தில் செய்தி வந்தது, 'இரண்டு மெக்லாரன் கார்களும் தகுதி நீக்கம்'!

காரணம், காரின் அடியில் இருக்கும் ஒரு பலகை. எஃப்1 கார்கள் தரையோடு தரையாக ஒட்டி ஓடினால் வேகம் கூடும். ஆனால், அது ஆபத்து. எனவே காரின் வயிற்றுப் பகுதியில் 10 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு பலகையைப் பொருத்தச் சொல்கிறது விதி. ரேஸ் முடியும்போது அது 9 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருக்கக் கூடாது. நாரிஸின் காரில் அளந்தபோது ஓரிடத்தில் 8.88, இன்னோரிடத்தில் 8.93. பியாஸ்ட்ரியின் காரில் மிகக் குறைவான அளவு 8.74. நாரிஸ் தவறவிட்டது 0.12 மில்லிமீட்டர். தாளைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். வேண்டுமென்று செய்யவில்லை என்று நடுவர்களே ஏற்றுக்கொண்டார்கள். ஆனாலும், நாரிஸின் 18 புள்ளிகளும் பியாஸ்ட்ரியின் 12 புள்ளிகளும் போனது போனதுதான்.

'இதுக்கெல்லாமா?' என்று கேட்டது சோஷியல் மீடியா. குவாலிட்டி பிரிவில் மைக்ரோமீட்டரும் கையுமாக வாழ்பவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். டிராயிங்கில் 9 என்று போட்டிருந்தால் 8.99 ரிஜெக்ட். சிவப்புத் தொட்டிக்குத்தான் போகும். இந்த ஒரு விஷயத்தில் மெக்லாரன் இன்ஜினீயரும் ஒரகடத்து டிப்ளமோ டிரெய்னியும் ஒரே ஜாதி.

அடுத்த வாரம் கத்தார். ஏழாவது லேப்பில் பாதுகாப்பு கார் வந்தபோது மற்ற அணிகளெல்லாம் ஓடிப்போய் டயர் மாற்ற, மெக்லாரன் மட்டும் மாற்றாமல் விட்டது. ஒரு செட் டயரில் 25 லேப்புக்கு மேல் ஓடக் கூடாது என்று அந்த ரேஸுக்குக் கட்டுப்பாடு. மொத்தம் 57 லேப். ஏழில் ஒருமுறை, முப்பத்திரண்டில் ஒருமுறை என்றால் கணக்கு நேராகிவிடும். மூன்றாம் வகுப்புக் கழித்தல்! அந்த வெற்றியும் வெர்ஸ்டாப்பனுக்கு.

டிசம்பர் 7, அபுதாபி. ஞாயிறு மாலை 6.30, கடவுளாகப் பார்த்துக் கொடுத்த நேரம். நாரிஸ் 408, வெர்ஸ்டாப்பன் 396, பியாஸ்ட்ரி 392 என்ற நிலையில் மூவருக்கும் வாய்ப்பு இருந்தது. வெர்ஸ்டாப்பன் ஜெயித்தார், பியாஸ்ட்ரி இரண்டாவது, நாரிஸ் மூன்றாவது. இறுதிக் கணக்கு 423 - 421 - 410. இரண்டே புள்ளிகளில் நாரிஸ் முதல் முறையாக உலக சாம்பியன்.

சரி, இந்தக் கணக்கிலெல்லாம் நம்மூர் எங்கே?

எங்கோ இல்லை, கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஹூண்டாய் தொழிற்சாலைக்கு 1996-ல் அடிக்கல் நாட்டப்படுவதற்கு முன்பே, இருங்காட்டுக்கோட்டையில் ஒரு ரேஸ் டிராக் இருந்தது. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பல ஆண்டுகள் ரேஸ் நடத்தியது. பிறகு தனக்கென்று நிலம் வாங்கி, இங்கே 3.7 கிலோமீட்டர் டிராக்கை அமைத்து, 1990-ல் திறந்தது. இன்று அதன் பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். வெளியே சிப்காட் வளர்ந்தது பிறகுதான்.

எஃப்1-ல் ரேஸ் ஓட்டிய இந்தியர்கள் இதுவரை இரண்டே பேர். இருவரும் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். கோவையின் நரேன் கார்த்திகேயன் தன் முதல் ரேஸை ஓட்டியது இந்த ஸ்ரீபெரும்புதூர் டிராக்கில், ஃபார்முலா மாருதி காரில். 2005-ல் ஜோர்டன் அணிக்காக மெல்போர்னில் களமிறங்கி, எஃப்1-ன் முதல் இந்தியர் ஆனார். அதே ஆண்டு இண்டியானாபொலிஸில் டயர் பிரச்னையால் 14 கார்கள் விலகிக்கொள்ள, மிச்சமிருந்த ஆறு கார்களில் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் எடுத்தார். ஓர் இந்தியர் எஃப்1-ல் எடுத்த புள்ளிகள் இன்றுவரை அந்த ஐந்து மட்டுமே. இரண்டாமவர் சென்னையின் கருண் சந்தோக். அவர் தாத்தா இந்து சந்தோக், மெட்ராஸ் கிளப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். 2010-ல் ஹெச்.ஆர்.டி அணியிலும், 2011-ல் ஒரு ரேஸில் லோட்டஸ் அணியிலும் ஓட்டினார். இப்போது ஸ்கை ஸ்போர்ட்ஸ் சேனலில் எஃப்1 நிபுணர். அவர் வாயில் வரும் ஆங்கிலத்துக்கு நடுவே மெட்ராஸைத் தேடிப் பிடிப்பது இங்கே பலருக்குத் தனிப் பொழுதுபோக்கு.

கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட்டில் 2011 முதல் 2013 வரை இந்தியன் கிராண்ட் ப்ரீ நடந்தது. மூன்றையும் ஜெயித்தவர் செபாஸ்டியன் வெட்டல். வரி விவகாரத்தில் சிக்கி அதோடு நின்றது. நரேனின் கடைசி எஃப்1 ரேஸ் 2012-ல். அதன்பின் எஃப்1 ரேஸில் இந்தியர் யாருமில்லை. பஸ்ஸில் தூங்கும் அந்த இளைஞர்களில் பலர் எஃப்1 பார்க்கத் தொடங்கியதே அதற்கப்புறம்தான். ஓர் இந்தியர் போட்டியிடும் ரேஸை அவர்கள் நேரலையில் பார்த்ததே இல்லை.

இருப்பதில் நெருக்கமான ஆள், பெங்களூரின் குஷ் மைனி. 2025 மே மாதம் மொனாக்கோவில் ஃபார்முலா 2 ஸ்பிரின்ட் ரேஸை ஜெயித்தவர். அந்த ஆண்டு எஃப்1-ல் ஆல்பைன் அணியின் ரிசர்வ் டிரைவர். ஆல்பைன் யாருடையது? ரெனால்ட்டுடையது. ஒரகடம் தொழிற்சாலையில் நிஸானிடமிருந்த பங்கை வாங்கி அதை முழுதாகத் தன்வசமாக்கிய அதே ரெனால்ட். ஆனால், 2025-ல் ஆல்பைன் 22 புள்ளிகளோடு பத்துக்குப் பத்தாவது இடம். தவிர, எஃப்1 இன்ஜின் தயாரிப்பையும் அந்த சீஸனோடு ரெனால்ட் நிறுத்திக்கொண்டது. 2026 முதல் ஆல்பைன் காரில் மெர்சிடிஸ் இன்ஜின். வாழ்க்கையில் சில பஸ்கள் நாம் ஸ்டாப்புக்கு வரும்போதுதான் ரூட்டை மாற்றும்.

கார் செய்யும் ஊரில் ஏன் கார் ஓட்டும் சாம்பியன் உருவாகவில்லை என்று கேட்பவர்களுக்கு, ஆசை மட்டும் போதாது என்பதுதான் பதில். எட்டு வயதில் கார்ட்டிங். பதினைந்து வயதில் ஐரோப்பா. ஒவ்வொரு படிக்கும் கோடிகளில் செலவு. நரேனுக்கே டாடா போன்ற ஸ்பான்சர்கள் பின்னால் நின்றதால்தான் ஜோர்டன் சீட் சாத்தியமானது. லைனில் நிற்கும் ஒருவரின் பிள்ளைக்கு இந்தப் பாதை இன்றைக்கு இல்லை என்று சொல்வதில் ஒளிவுமறைவு தேவையில்லை.

பணத்தைத் தவிர வேறு விலையும் உண்டு. 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் கார் ரேஸின்போது, 59 வயது மூத்த வீரர் கே.இ.குமார் விபத்தில் இறந்தார். அதே ஆகஸ்ட்டில் பைக் ரேஸில் இறந்தது பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன். டிராக்கின் பெருமையைப் பேசும்போது அந்தப் பையனையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டியிருக்கிறது.

ஆனாலும், அந்த டிராக் உயிரோடுதான் இருக்கிறது. எம்.ஆர்.எஃப் சேலஞ்ச் தொடருக்காக, மைக்கேல் ஷூமாக்கரின் மகன் மிக் ஷூமாக்கர் இங்கே ஓட்டிவிட்டுப் போய், பின்னாளில் எஃப்1-க்கே போனார். 2019 பிப்ரவரியில் பிரிட்டனின் ஜேமி சாட்விக் இங்கேதான் அந்தத் தொடரின் பட்டத்தை வென்றார். அதை வென்ற முதல் பெண் அவர். நடிகர் அஜித் ஃபார்முலா கார் ஓட்டப் பழகிய காலத்திலிருந்து இந்த டிராக் சினிமா ரசிகர்களுக்கும் பரிச்சயம். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அவர் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பிடித்ததும், 'பிட் ஸ்டாப்' என்றால் என்னவென்று தாத்தாக்கள்கூட விசாரித்தார்கள். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்கள் இரவு வெளிச்சத்தில் பறந்ததைப் பார்க்க ஒரகடத்திலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறிப் போனவர்கள் உண்டு. மிக்ஜாம் புயலால் 2023 டிசம்பரிலிருந்து தள்ளிப்போன ரேஸ் அது. முதல் நாளும் மழை விடவில்லை. நனைந்துகொண்டே நின்றார்கள்.

2026 சீஸனில் ஆடியும் காடிலாக்கும் வருகின்றன. இன்ஜின் விதிகள் அடியோடு மாறுகின்றன. 11 அணிகள், 22 டிரைவர்கள். பட்டியலில் இந்தியப் பெயர் இல்லை. முதல் ரேஸ் மார்ச் 8, மெல்போர்ன். இந்திய நேரம் காலை 9.30, ஞாயிற்றுக்கிழமை. ஓவர்டைம் போடாமல் இருந்தால் சரி.