யானை பேசுகிறது, நமக்குக் கேட்கவில்லை!

தர்மபுரி மாவட்டத்தில் உள்ள ஒகேனக்கல்லில் காவிரி பாறைகள்மீது விழுகிறது. நீர்த்துளி புகைபோல எழும்புகிறது. "புகையும் கல்" என்பதுதான் அந்தக் கன்னடப் பெயருக்குப் பொருள்.

அந்த அருவியை வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்க முடியுமா?

முடியும். "வி.ஆர்." கண்ணாடி என்று ஒரு கருவி இருக்கிறது. தலையில் மாட்டிக்கொள்ள வேண்டும். கண்ணுக்கு எதிரே சின்னத் திரை. காதருகே ஒலிபெருக்கி. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும்!

1968-ல் அமெரிக்க விஞ்ஞானி ஐவன் சதர்லாண்ட் இப்படி ஒரு கருவியைச் செய்து காட்டினார். அது கூரையிலிருந்து தொங்கியது. இன்று கையில் எடுத்துப் போகலாம்.

இதைச் செய்பவர்கள் முதலில் அளந்து பார்ப்பது மனிதனின் கண்ணையும் காதையும்தான்.

கண்ணின் எல்லை

நேராகப் பார்த்தபடி இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, விரல்களை ஆட்டிப் பாருங்கள். அசைவு தெரியும். இரண்டு கண்ணும் சேர்ந்து சுமார் 200 டிகிரி அகலம் பார்க்கும். கண்ணாடிகள் பலவும் காட்டுவதோ சுமார் 100 டிகிரிதான். அருவி தெரியும். ஆனால் பரிசலில் போகும்போது கடைக்கண்ணில் ஓடும் பாறை தெரியாது.

பரிசல் சுழல்வதாகக் கண் சொல்லும். "இல்லை, நாற்காலியில் இருக்கிறாய்" என்று காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்லும். இந்தச் சண்டையில் சிலருக்குக் குமட்டல் வந்துவிடும்!

காதின் எல்லை

இடப்பக்கம் எழும் ஒலி வலக்காதுக்குச் சற்றுப் பிந்தி வரும். எவ்வளவு பிந்தி? ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை! அந்த இடைவெளியை வைத்தே திசையை அறிகிறோம். கருவியும் அதே இடைவெளியைக் கொடுத்துக் காதை ஏமாற்றுகிறது.

விநாடிக்கு 20 முதல் 20,000 அதிர்வு வரைதான் நம் காதுக்கு எட்டும். வயதானால் மேல் எல்லை இறங்கிவிடும். 20-க்குக் கீழே உள்ள ஒலிக்குக் கருவி செய்பவர் ஏன் செலவு செய்யப்போகிறார்? வாங்குபவருக்குத்தான் கேட்காதே!

ஆனால் தர்மபுரி, கிருஷ்ணகிரி காடுகளில் யானைகள் உண்டு. 2022-ல் இங்கே காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. யானையின் பேச்சில் ஒரு பகுதி நம் எல்லைக்குக் கீழே இருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர் கேட்டி பெய்ன் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1984-ல் போர்ட்லந்து மிருகக்காட்சி சாலையில் ஆசிய யானைகள் அருகே நின்றார். காதில் ஒன்றும் விழவில்லை. காற்றில் ஏதோ துடிப்பதுபோல் இருந்தது. கருவி வைத்துப் பதிவு செய்தார். விநாடிக்கு 14 முதல் 24 அதிர்வு!

உடம்பில் தட்டும் அந்தத் துடிப்பைத் தரக் காதருகே உள்ள சின்ன ஒலிபெருக்கிக்குப் பலம் போதாது.