இடைவேளையில் வந்த பேட்டி

2011 டிசம்பர் 8-ஆம் தேதியைக் கிரிக்கெட் ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்தூரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக சேவாக் 149 பந்துகளில் 219 ரன் குவித்த நாள் அது. ஒரு நாள் போட்டிகளில் அதுவரை டெண்டுல்கரின் 200-தான் உச்சம். குமுளிக்காரர்களாகிய நமக்கோ அந்த வாரம் வேறொரு காரணத்தாலும் மறக்காது. முல்லைப் பெரியாறு அணை விவகாரம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். எல்லையில் பஸ் போக்குவரத்து நின்றுவிட்டது. கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் அன்றாடம் ஜீப்பில் ஏலத்தோட்டங்களுக்கு வரும் பெண்கள் வரவில்லை.

அப்போது நான் ரயில்வே பணியில் இருந்தேன். நான்கு நாள் லீவில் குமுளி வீட்டுக்கு வந்தவன் அகப்பட்டுக்கொண்டேன். ஆறேழு கிலோமீட்டர் மலைப்பாதை இறங்கினால் லோயர் கேம்ப். இறங்கத்தான் வழியில்லை. ரயிலைப் பற்றி நினைக்கவே வேண்டாம். 1924 வெள்ளம் மூணாறு மலை ரயிலை அடித்துக்கொண்டு போன பிறகு இந்தப் பக்கத்தில் தண்டவாளம் என்பதே கிடையாது. தண்டவாளம் போடுவதே தொழிலாகக் கொண்ட எனக்கு இது ஒரு தீராத குறை. அது கிடக்கட்டும்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் மலையாளி, ஏலத்தோட்டம் வைத்திருப்பவர். நான் அவரைச் 'சேட்டா' என்பேன், அவர் என்னைச் 'சாரே' என்பார். அன்று மதியம் வேலிக்கு அப்பால் நின்று, "சாரே, களி தொடங்ஙி, வரூ" என்று கூப்பிட்டார். தெருவில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்காத நாளில் அந்தக் கூப்பிடல் எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அவர், அவர் மகன், தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, நான் என்று நான்கு பேர். சேவாக் அடிக்க அடிக்க இரண்டு பாஷையிலும் கூச்சல். இந்தியா 418 ரன். அணையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இன்னிங்ஸ் இடைவேளையில் பையன் ஒரு செய்தி சேனலைத் திருப்பினான். திரையின் ஒரு மூலையில் சேவாக் மட்டையை உயர்த்திக்கொண்டு நிற்கிறார். நடுவில் ஓர் அரசியல் பிரமுகரின் பேட்டி. முதல் கேள்வி சேவாக்கைப் பற்றி. பிரமுகர் சிரித்துக்கொண்டே பாராட்டினார். அடுத்த கேள்வி அணை. அவர் சிரிப்பும் போயிற்று, எங்கள் சிரிப்பும் போயிற்று. எந்தக் கட்சி, எந்தச் சேனல் என்பது இங்கே முக்கியமில்லை. எல்லைக்கு இரண்டு பக்கத்துச் சேனல்களிலும் அன்று இதே கச்சேரிதான். பையன் ஏதோ சொன்னான். நானும் சும்மா இருந்திருக்கலாம். இஞ்சினீயர் என்ற முறுக்கில் 136 அடி, 142 அடி என்று கணக்குப் பேசினேன். குரல்கள் உயர்ந்தன. இரண்டாவது இன்னிங்ஸ் பார்க்காமலே எழுந்து வந்துவிட்டேன். 153 ரன்னில் நாம் ஜெயித்ததை ரேடியோவில்தான் கேட்டேன்.

விளையாட்டுக்கு நடுவே அரசியல் பேட்டியைக் கொண்டுவந்து செருகுவதைப் பற்றி அன்று முதல் யோசித்து வருகிறேன். இதை ஒரு சம்பிரதாயமாகவே நடத்துகிறவர்கள் அமெரிக்கர்கள். அங்கே 'சூப்பர் பவுல்' என்று அவர்கள் பாணிக் கால்பந்தின் இறுதி ஆட்டம் ஒன்று உண்டு. பத்துக் கோடிப் பேருக்கு மேல் பார்ப்பார்கள். 2004-இல் ஜார்ஜ் புஷ், ஆட்டத்தை ஒளிபரப்பிய சி.பி.எஸ். நிறுவனத்துக்கு ஆட்டத்துக்கு முன்பாகப் பேட்டி கொடுத்தார். 2009 முதல் ஒபாமா அதை ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமாக்கினார். செய்தியே பார்க்காத ஜனங்கள் அன்று வீட்டில் கூடியிருப்பார்கள் அல்லவா? எந்தத் தலைவருக்குத்தான் ஆசை வராது!

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2014-இல் ஃபாக்ஸ் நிறுவனத்தின் பில் ஓ'ரைலி நேரடி ஒளிபரப்பில் ஒபாமாவைக் குடைந்து எடுத்தார். மருத்துவக் காப்பீட்டு இணையதளம் ஏன் படுத்துக்கொண்டது, லிபியாவில் தூதரகத்தைக் காக்கத் தவறியது ஏன் என்று கேள்விமேல் கேள்வி. அதிபர் முகம் சுளித்தாலும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. பிற்பாடு பிடிக்காத நிறுவனம் என்றால் தட்டிக்கழிப்பதும் வந்தது. டிரம்ப் 2018-இல் கொடுக்கவில்லை. பைடன் 2023, 2024 இரண்டு ஆண்டும் கொடுக்கவில்லை. கேள்விக்குப் பயம் இருக்கிறது என்றால் அது பேட்டி என்று அர்த்தம்.

நம் பக்கம் நடப்பது வேறு மாதிரி. 2006-இல் லாகூரில் ஆட்டம் முடிந்த பரிசளிப்பில் முஷாரஃப் மைக்கைப் பிடித்து, தோனியின் நீளமுடி நன்றாக இருக்கிறது, வெட்ட வேண்டாம் என்றார். அரங்கமே சிரித்தது. அதோடு சரி. 2023 மார்ச்சில் அகமதாபாத் டெஸ்ட் தொடங்கும் முன் நம் பிரதமரும் ஆஸ்திரேலியப் பிரதமர் அல்பனீசியும் அலங்கார வண்டியில் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 19-இல் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தோற்ற நம் ஆட்டக்காரர்களைப் பிரதமர் உடை மாற்றும் அறைக்கே போய்த் தேற்றியதும் படமாக வெளிவந்தது. மோடி என்றில்லை, யார் பதவியில் இருந்தாலும் இதுதான் நடக்கும். கேமரா உண்டு, கைதட்டல் உண்டு, கேள்வி மட்டும் கிடையாது. கேட்க வேண்டியவர்களுக்கோ மைக் கிடைப்பதில்லை. 2018 ஏப்ரல் 10-ஆம் தேதி சேப்பாக்கத்தில் காவிரிக்காகக் குரல் கொடுத்தவர்கள் மைதானத்துக்குள் செருப்பை வீசினார்கள். சென்னை அணியின் மிச்ச ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. செருப்பு வீசியதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் டி.வி.யில் ஊரே பார்க்கும் நேரம் எது என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1993 ஹீரோ கோப்பையை யார் ஒளிபரப்புவது என்று வங்காளக் கிரிக்கெட் சங்கத்துக்கும் அரசுக்கும் வழக்கு நடந்தது. 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: அலைவரிசைகள் பொதுச்சொத்து. அரசுக்கும் ஏகபோகம் இல்லை, பணம் கொடுத்தவருக்கும் இல்லை. கிரிக்கெட்டால் வந்த தீர்ப்பு இது என்பது பலருக்குத் தெரியாது. 2007-இல் வந்த சட்டப்படி முக்கியமான ஆட்டங்களைத் தூர்தர்ஷனுடன் பகிர்ந்தாக வேண்டும் என்பதும் இதே எண்ணத்தில்தான்.

பொதுச்சொத்து என்றால் அந்த நேரத்தில் வந்து உட்காரும் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி. வரட்டும். ஆட்டத்துக்கு முன்னால், தனியாக, இன்ன நேரம் என்று சொல்லிவிட்டு வரட்டும். வேண்டாதவர் டி.வி.யை அணைத்துக்கொள்ளலாம். கேள்வி கேட்பவரும் முதுகெலும்பு உள்ளவராக இருக்கட்டும். சேவாக்கில் ஆரம்பித்து அணையில் முடிக்கும் வேலை மட்டும் வேண்டாம். ரயில்வேயில் ஒரு வண்டி பிளாக்கை விட்டு வெளியேறாமல் அடுத்த வண்டிக்கு லைன் கொடுக்க மாட்டோம். கொடுத்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டுக்காரரும் நானும் இருபது நாள் பேசவில்லை. பிறகு ஒரு காலையில் கால் கிலோ ஏலக்காயைப் பொட்டலம் கட்டி வேலி மேல் வைத்துவிட்டுப் போனார். என் மனைவி அதே வேலியில் ஒரு தூக்கு நிறைய அதிரசம் வைத்தாள்.

2023 இறுதி ஆட்டத்தை அவர் வீட்டில்தான் பார்த்தோம். பையனுக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் இருந்தது. நாம் 240-இல் சுருண்டதும் இடைவேளை. பையன் ரிமோட்டை எடுத்தான். என்னை ஒரு பார்வை பார்த்தான். டி.வி.யை அணைத்துவிட்டு, கப்பைக் கிழங்கு வெந்துவிட்டதா என்று கேட்க அடுக்களைக்குப் போனான். டிராவிஸ் ஹெட் 137 அடித்ததை எல்லோரும் சேர்ந்துதான் பார்த்துத் தொலைத்தோம்.